வெரோனா 1984-85: குலுக்கலில் விழுந்த பட்டமா?

இத்தாலியக் கால்பந்து பற்றிப் பேச்சு வரும் இடத்தில் வெரோனாவின் பெயரை எடுத்தால், கொஞ்ச நேரத்திலேயே யாராவது ஒருவர் சொல்லிவிடுவார்: "அந்த வருஷம் நடுவர்களைக் குலுக்கிப் போட்டுத்தானே எடுத்தார்கள்!" சொல்வது உண்மைதான். 1984-85இல் இத்தாலியின் முதல் டிவிஷன் லீக்கான சீரி ஏ ஆட்டங்களுக்கான நடுவர்களைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்தார்கள். அந்த ஆண்டுதான் ஹெல்லாஸ் வெரோனா தன் வரலாற்றின் ஒரே லீக் பட்டத்தை வென்றது. அடுத்த ஆண்டு குலுக்கலும் போனது, பட்டமும் போனது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் முடிச்சுப் போடத்தான் தோன்றும்.

எனக்கு அந்த முடிச்சில் உடன்பாடு இல்லை. குலுக்கலால் ஒரு பயனும் இல்லை என்று நான் வாதிடப் போவதில்லை. ஆனால் அந்த ஒற்றைக் காரணத்தைச் சொல்லிவிட்டு நகரும்போது, மூன்று ஆண்டுகள் பொறுமையாகக் கட்டப்பட்ட ஓர் அணி கண்ணில் படாமலே போய்விடுகிறது.

முதலில் குலுக்கலின் பின்கதை. 1980இல் இத்தாலியக் கால்பந்தைச் சூதாட்ட ஊழல் உலுக்கியது. ஆட்டங்களின் முடிவை முன்கூட்டியே பேசி வைத்ததாகப் பல வீரர்கள் சிக்கினார்கள். மிலான், லாசியோ இரண்டும் தண்டனையாக இரண்டாம் டிவிஷனுக்கு இறக்கப்பட்டன. பாவ்லோ ரோஸி தடை முடிந்து திரும்பி வந்து 1982 உலகக் கோப்பையில் ஆறு கோல் அடித்து நாட்டுக்கே நாயகனானார். ஆனாலும் லீக்கின் மேல் விழுந்த சந்தேகம் கலையவில்லை. எந்த ஆட்டத்துக்கு எந்த நடுவர் என்று ஒரு குழு உட்கார்ந்து முடிவு செய்வதுதான் வழக்கம். பெரிய கிளப்புகளுக்குப் பிடித்த நடுவர்கள் போகிறார்கள் என்ற முணுமுணுப்பு எப்போதும் இருந்தது. அதை அடக்க, 1984-85இல் நியமனத்தை விட்டுவிட்டுச் சீட்டுக் குலுக்கினார்கள்.

அந்த நாளைய சீரி ஏ இன்றைய ரசிகருக்கு நம்பக் கடினமாக இருக்கும். உலகத்தின் பணமும் திறமையும் அங்கேதான் போய்க் குவிந்தன. யுவென்டஸில் பிளாட்டினியும் போனியெக்கும். உடினேஸேயில் ஜீகோ. ரோமாவில் ஃபல்காவ். இன்டருக்கு அந்தக் கோடையில் ரும்மெனிகே வந்தார். ஃபியோரென்டினாவுக்கு சாக்ரடீஸ் வந்தார். சாம்ப்டோரியாவில் சூனஸ். எல்லாவற்றுக்கும் மேலாக, உலகச் சாதனை விலைக்கு நேப்பிள்ஸின் நாப்போலி அணிக்கு வந்து இறங்கினார் மரடோனா. ஓர் அணிக்கு இரண்டு வெளிநாட்டு வீரர்கள் மட்டுமே என்பது விதி. அதனால் இந்த நட்சத்திரங்கள் ஒரே கிளப்பில் குவியாமல் நாடு முழுக்கப் பரவிக் கிடந்தார்கள். உடினே போன்ற சிறு நகரத்தில் ஜீகோ ஆடியது அப்படித்தான். வெரோனாவின் கதைக்கு இந்த விதி மிக முக்கியம்: பணக்கார கிளப் எவ்வளவு கொட்டினாலும் இரண்டு பேருக்கு மேல் வாங்க முடியாது. அந்த இரண்டு பேரைச் சரியாகத் தேர்ந்தெடுக்கும் சிறு கிளப், மீதி ஒன்பது இடங்களிலும் உழைத்தால், கிட்டத்தட்ட சமமாக நிற்கலாம்.

வெரோனா, ரோமியோ ஜூலியட் கதையால் உலகம் அறிந்த ஊர். அடிஜே ஆறும் ரோமானியர் காலத்து அரங்கமும் பார்க்கச் சுற்றுலாப் பயணிகள் வருவார்கள். கால்பந்தில் அதற்குப் பெரிய இடம் இருந்ததில்லை. 1903இல் பள்ளி மாணவர்கள் சிலர் தொடங்கிய கிளப் இது. கிரேக்க மொழி ஆசிரியர் ஒருவரின் யோசனைப்படி கிரேக்க நாட்டின் பெயரையே வைத்துக்கொண்டது. முதல் டிவிஷனுக்கு ஏறுவதும் இறங்குவதுமாகவே காலம் ஓடியது.

1981இல் இரண்டாம் டிவிஷனில் இருந்த அந்த அணிக்குப் பயிற்சியாளராக வந்தார் ஓஸ்வால்டோ பான்யோலி. மிலான் நகரின் ஆலைப் பகுதியான போவிசாவில் பிறந்தவர், தொழிலாளர் வீட்டுப் பிள்ளை. 1950களின் இறுதியில் வெரோனாவுக்கே ஆடியவர். அதிகம் பேசமாட்டார். பத்திரிகைக்காரர்களுக்குத் தீனி போடும் பழக்கமும் இல்லை. வந்த முதல் ஆண்டிலேயே அணியை மேலே ஏற்றினார். 1982-83இல் சீரி ஏவில் நான்காம் இடம். அதே ஆண்டு இரண்டு ஆட்டங்களாக நடந்த இத்தாலியக் கோப்பை இறுதிப் போட்டியின் முதல் ஆட்டத்தில் சொந்த மைதானத்தில் யுவென்டஸை 2-0 என வீழ்த்தியது வெரோனா. யுவென்டஸின் ஊரான டூரினில் நடந்த இரண்டாம் ஆட்டத்தில், கூடுதல் நேரம் முடியப் போகும் தறுவாயில் பிளாட்டினி அடித்த கோலால் 0-3 எனத் தோற்றுக் கோப்பையைக் கைவிட்டது. அடுத்த ஆண்டு லீக்கில் ஆறாம் இடம், கோப்பையில் மறுபடி இறுதி, இம்முறை ரோமாவிடம் தோல்வி.

இந்த இரண்டு ஆண்டுகளிலும் நடுவர்களைக் குழுதான் நியமித்தது என்பதைக் கவனியுங்கள். நான்காம் இடம், ஆறாம் இடம், இரண்டு இறுதிப் போட்டிகள் எல்லாமே பழைய முறையில் கிடைத்தவை. 1984 செப்டம்பரில் களமிறங்கியபோது வெரோனா மேலே ஏறக் கடைசிப் படியில் நின்றுகொண்டிருந்தது.

அந்த அணியின் ஆட்கள் பட்டியலைப் பார்த்தால் ஒரு விஷயம் உறுத்தும். பெரும்பாலானவர்கள் பெரிய கிளப்புகள் வேண்டாமென்று விட்டவர்கள். வலது ஓரத்தில் ஓடிக்கொண்டே இருக்கும் பியெத்ரோ ஃபான்னாவும், குள்ள உருவமும் துறுதுறுப்புமாக இருந்த ஸ்ட்ரைக்கர் ஜுசெப்பே கால்தெரீசியும் யுவென்டஸில் நிலைக்க இடம் கிடைக்காதவர்கள். நடுக்களத்தில் பந்தைப் பங்கிட்டுக் கொடுக்கும் அன்டோனியோ டி ஜென்னாரோ ஃபியோரென்டினாவிலிருந்து வந்தவர். கேப்டன் ரொபெர்டோ த்ரிசெல்லா இன்டரின் இளையோர் அணியில் வளர்ந்தவர். இடது பின்களத்து லூசியானோ மரங்கோன் பல கிளப்புகள் சுற்றியவர். முப்பதைத் தாண்டிவிட்ட டொமேனிகோ வோல்பாத்தி எந்த இடத்தில் நிறுத்தினாலும் ஆடுவார். பந்தோடு மருத்துவப் படிப்பையும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தவர்.

கோல்கீப்பர் கிளாவ்தியோ கரெல்லாவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். லாசியோவில் ஆடிய காலத்தில் செய்த தவறுகளால் அவர் பெயரே கேலிச் சொல்லாகிவிட்டது. கோல்கீப்பர் யாராவது பந்தைக் கோட்டைவிட்டால் "கரெல்லாத்தா" என்பார்கள். வெரோனாவில் அதே மனிதர் தூணாக நின்றார். கைகளை விடக் கால்களாலும் முழங்காலாலும் இடுப்பாலும்தான் அதிகம் தடுத்தார். அழகு கிடையாது, பந்து உள்ளே போகவும் போகாது. பயிற்சிப் பள்ளிகளில் சொல்லித் தரும் எதற்கும் பொருந்தாத அந்தப் பாணியை மாற்றச் சொல்லாமல் விட்டதில் பான்யோலியின் கண் தெரிகிறது.

இப்படிப்பட்ட ஆட்களைத் தேடி எடுத்ததில் கிளப்பின் விளையாட்டு இயக்குநர் எமிலியானோ மஷெட்டிக்குப் பெரும் பங்கு. அவரும் வெரோனாவின் பழைய வீரர். பணத்துக்கு ஃபெர்டினாண்டோ கியாம்பான் இருந்தார். கேனன் கேமராக்களின் இத்தாலிய வணிகத்தில் இருந்தவர். அந்த ஆண்டின் மஞ்சள் நீலச் சட்டையில் கேனன் பெயர் இருப்பது அதனால்தான்.

1984 கோடையில் வெளிநாட்டு வீரர் இடம் இரண்டும் காலியாகின. போலந்தின் ஷ்முடாவும் ஸ்காட்லாந்தின் ஜோ ஜோர்டனும் போனார்கள். வந்தவர்கள் மேற்கு ஜெர்மனியின் ஹான்ஸ்-பீட்டர் ப்ரீகலும் டென்மார்க்கின் ப்ரெபென் எல்கியரும். ப்ரீகல் இளமையில் தடகள வீரர். கெய்சர்ஸ்லாட்டர்னில் பின்களத்தில் ஆடிய அவரை பான்யோலி நடுக்களத்துக்கு ஏற்றினார். எல்கியர் அதுவரை பெல்ஜியத்தின் லோகெரென் என்ற சிறிய கிளப்பில் இருந்தவர். சிகரெட்டை விடாதவர் என்று பெயர். அந்தக் கோடையில் நடந்த, நாடுகளுக்கான ஐரோப்பியக் கோப்பை அரையிறுதியில் பெனால்டியைக் கோட்டைவிட்டு டென்மார்க் வெளியேறக் காரணமானவர் என்ற சோகமும் கூட வந்தது. பெரிய கிளப்புகள் மரடோனா, ரும்மெனிகே, சாக்ரடீஸ் என்று பெயர்களை வாங்கியபோது, தன் அணியில் எந்த இடம் காலியோ அந்த இடத்துக்கு ஆள் வாங்கியது வெரோனா. என்னைக் கேட்டால் பட்டத்தின் பாதி அந்தக் கோடையிலேயே கைக்கு வந்துவிட்டது.

செப்டம்பர் 16. முதல் நாள் ஆட்டமே நாப்போலியோடு, வெரோனாவின் பென்டெகோடி மைதானத்தில். மரடோனாவின் முதல் சீரி ஏ ஆட்டம் என்பதால் உலகமே பார்த்தது. அவர் கூடவே நிழலாகப் போகும் வேலை ப்ரீகலுக்கு. மரடோனாவை அடக்கி வைத்ததோடு முதல் கோலையும் அவரே அடித்தார். கால்தெரீசி ஒன்று, டி ஜென்னாரோ ஒன்று, 3-1. மரடோனாவின் அறிமுகத்தைப் பார்க்க வந்தவர்கள் வேறொரு அணியைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

ஐந்தாம் சுற்றில், அக்டோபர் 14 அன்று, யுவென்டஸ் வந்தது. அந்த ஆட்டத்தின் இரண்டாம் கோலை வெரோனாக்காரர்கள் இன்றும் பேசுகிறார்கள். இடது பக்கம் பந்தோடு ஓடிய எல்கியரை யுவென்டஸின் இளம் டிஃபெண்டர் பின்னாலிருந்து தடுக்கப் பார்த்தார். எல்கியரின் வலது கால் பூட்ஸ் கழன்று புல்லில் விழுந்தது. அவர் நிற்கவில்லை. பெட்டிக்குள் புகுந்து, வெறும் காலுறை போட்ட அதே வலது காலால் அடித்தார். சிண்ட்ரெல்லா கோல் என்று அதற்குப் பெயர் விழுந்தது. அந்த டிஃபெண்டர் ஸ்டெஃபானோ பியோலி; 2022இல் மிலானைச் சாம்பியனாக்கிய பயிற்சியாளர். சில ஆண்டுகள் கழித்து அவரே வெரோனாவுக்கும் ஆடினார். ஆட்டம் 2-0. லீக்கில் மேலே நிற்கும் அணி எது என்பதில் அதன்பின் யாருக்கும் குழப்பம் இல்லை.

எப்படி ஆடினார்கள்? இத்தாலியின் வழக்கப்படி ஆளுக்கு ஆள் காவல், பின்னால் யாரையும் குறிவைக்காமல் கடைசிக் காவலாகத் தனியாக ஒரு லிபரோ. ஆனால் லிபரோவான த்ரிசெல்லா பின்னாலேயே காவலுக்கு நிற்பவர் இல்லை. பந்தைக் காலில் வைத்துக்கொண்டு நடுக்களம் வரை வருவார். அங்கே டி ஜென்னாரோ. அவருடைய ஒரு பாஸில் பந்து வலது ஓரத்து ஃபான்னாவுக்கோ முன்னால் எல்கியருக்கோ போய்விடும். எதிரணியின் டிஃபென்ஸ் எல்கியரின் பக்கம் சாயும்போது பின்னாலிருந்து ப்ரீகல் பெட்டிக்குள் வருவார். நடுக்கள வீரரான அவர் லீக்கில் ஒன்பது கோல் அடித்தது இப்படித்தான். கால்தெரீசி 11, எல்கியர் 8. தனி ஒரு ஆளைக் கட்டிவிட்டால் நின்றுவிடும் அணியாக வெரோனா இருக்கவில்லை.

கணக்கையும் பார்க்க வேண்டும். அப்போது பதினாறு அணிகள், முப்பது ஆட்டங்கள், வெற்றிக்கு இரண்டு புள்ளி, டிராவுக்கு ஒன்று. டிரா என்றால் வெற்றியின் சரிபாதி. வெளியூரில் ஒரு டிரா, உள்ளூரில் ஒரு வெற்றி என்று போனாலே பட்டத்தை நெருங்கலாம். வெரோனா 15 வென்று, 13 டிரா செய்து, இரண்டில் மட்டுமே தோற்றது. 43 புள்ளிகள். 42 கோல் அடித்து 19 வாங்கியது. லீக்கில் அதைவிடக் குறைவாகக் கோல் வாங்கிய அணி இல்லை. தோற்காமல் இருப்பதற்கு இவ்வளவு மதிப்புள்ள காலத்தில், தோற்கடிக்கவே கடினமான அணியாக இருந்ததுதான் பான்யோலியின் சாமர்த்தியம். வெற்றிக்கு மூன்று புள்ளி தரும் இன்றைய கணக்கில் 13 டிரா பெரிய நஷ்டமாகத் தெரியும்.

முதல் தோல்வி ஜனவரி 13இல்தான் வந்தது, அவெல்லினோவில், பதினைந்தாம் சுற்றில். அத்தோடு காற்றுப் போய்விடும் என்று எதிர்பார்த்தவர்கள் பலர். பிப்ரவரியில் உடினேவில் நடந்த ஆட்டம் அந்த எதிர்பார்ப்புக்குப் பதில். வெரோனா 3-0 என முன்னிலை பெற்றது; உடினேஸே மூன்றையும் திருப்பிக் கொடுத்து 3-3 ஆக்கியது. சிறு கிளப் நொறுங்கிப் போகும் இடம் அதுதான். வெரோனா இன்னும் இரண்டு அடித்து 5-3 என வென்றது. இந்தப் பருவத்தில் ஒரே ஓர் ஆட்டத்தை முழுதாகப் பார்க்க நேரம் இருக்கிறது என்று யாராவது சொன்னால், பூட்ஸ் இல்லாத கோலை விட்டுவிட்டு இதைப் பார்க்கச் சொல்வேன்.

போட்டியாளர்கள் பக்கமும் காரணங்கள் உண்டு. யுவென்டஸின் மனம் கிளப்புகளுக்கான ஐரோப்பியக் கோப்பையில் இருந்தது. இறுதிவரை போனார்கள், லீக்கில் 36 புள்ளிகளோடு நின்றார்கள், பிளாட்டினி 18 கோல் அடித்து அதிக கோல் அடித்தவர் ஆனபோதும். ரோமா முந்தைய மே மாதம் சொந்த மைதானத்திலேயே ஐரோப்பிய இறுதியை லிவர்பூலிடம் பெனால்டியில் இழந்த அணி. பயிற்சியாளர் லீட்ஹோம் மிலானுக்குப் போய்விட்டார், ஃபல்காவ் முழங்கால் காயத்தால் பெரும்பாலும் வெளியே. நாப்போலியில் மரடோனாவைச் சுற்றி அணி இன்னும் உருவாகவில்லை. இன்டரும் டொரினோவும்தான் கடைசிவரை துரத்தியவை. இன்டருக்கும் ஐரோப்பியப் போட்டிகளில் அரையிறுதிவரை பயணம் இருந்தது. வெரோனாவுக்கு அந்த ஆண்டு ஐரோப்பிய ஆட்டமே இல்லை. பதினைந்து பதினாறு பேரை வைத்து ஓட்டிய அணிக்கு, வாரத்தின் நடுவில் கிடைத்த ஓய்வு குலுக்கலைவிடப் பெரிய வரம் என்று நினைக்கிறேன்.

ஏப்ரலில் டொரினோ வெரோனாவுக்கே வந்து வென்றது. அது இரண்டாவது, கடைசித் தோல்வி. மே 12 அன்று பெர்கமோவில் அடலாண்டாவோடு டிரா போதும் என்ற நிலை. அடலாண்டா முதலில் கோல் அடித்தது. இரண்டாம் பாதியில் எல்கியர் சமன் செய்தார். 1-1. ஓர் ஆட்டம் மீதமிருக்க வெரோனா சாம்பியன். அடுத்த ஞாயிறு, பருவத்தில் தன்னை முதலில் வீழ்த்திய அவெல்லினோவை 4-2 என வென்று முடித்தது. டொரினோ 39 புள்ளிகளோடு இரண்டாவது, இன்டர் 38.

சாம்பியன் அணி அடுத்த ஆண்டு சட்டையில் அணியும் மூவண்ணச் சிறு கேடயத்தை ஸ்குடெட்டோ என்பார்கள். 1929-30இல் நாடு முழுமைக்கும் ஒரே லீக் வந்தபின், மாநிலத் தலைநகராக இல்லாத ஊருக்கு அந்தக் கேடயம் போனது இந்த ஒரு முறைதான். வெரோனா இருக்கும் வெனெட்டோ மாநிலத்தின் தலைநகர் வெனிஸ்.

இனி குலுக்கலுக்கு வருவோம். பெரிய அணியின் சட்டையைக் கண்டதும் நடுவரின் விசில் தானாகவே அந்தப் பக்கம் சாய்வதை இத்தாலியர்கள் 'மனவியல் அடிபணிதல்' என்ற பொருளில் ஒரு சொல்லால் குறிப்பார்கள். யாரும் காசு வாங்கத் தேவையில்லை; பயமும் பழக்கமும் போதும். சரி, அப்படி ஒன்று இருந்தது என்றே வைத்துக்கொள்வோம். குலுக்கல் அதை எப்படிப் போக்கும்? எந்த ஊருக்கு எந்த நடுவர் போகிறார் என்பது மட்டும்தான் மாறியது. நடுவர்கள் அதே ஆட்கள். நியமிப்பவரின் செல்வாக்கைக் குலுக்கல் ஒழித்தது. விசில் ஊதுபவரின் மனதுக்குள் அது போகவில்லை. ஆகவே, நியமனத்தில் சூது இருந்தது என்று காட்ட முடிந்தால் மட்டுமே இந்த வாதம் நிற்கும். அந்த ஆண்டுகளைப் பொறுத்தவரை அப்படிக் காட்டிய யாரையும் நான் படித்ததில்லை.

இந்தப் பேச்சுக்கு இவ்வளவு கனம் வந்தது பின்னாளில் என்பது என் எண்ணம். 2006இல் கிளப் நிர்வாகிகள் நடுவர் நியமனப் பொறுப்பாளர்களோடு தொலைபேசியில் பேசியது அம்பலமாகி, யுவென்டஸ் இரண்டு பட்டங்களை இழந்து இரண்டாம் டிவிஷனுக்கு இறக்கப்பட்டது. அதன்பின் திரும்பிப் பார்த்தவர்களுக்கு 1985இன் குலுக்கல் ஒரு சாட்சி போலத் தெரிந்திருக்கும். ஆனால் குலுக்கல் போன பிறகும் 1987இல் நாப்போலியும் 1991இல் சாம்ப்டோரியாவும் சாம்பியன் ஆயின. பழைய பெருங்கிளப்புகளின் வரிசையில் இரண்டும் இல்லை.

வெரோனா ஏன் மீண்டும் வெல்லவில்லை என்பதற்கும் குலுக்கலைத் தேடிப் போக வேண்டியதில்லை. வென்ற கோடையிலேயே ஃபான்னாவும் மரங்கோனும் இன்டருக்குப் போனார்கள். கரெல்லா நாப்போலிக்குப் போய், 1987இல் அங்கேயும் சாம்பியன் ஆனார். அடுத்த ஆண்டு ப்ரீகல் சாம்ப்டோரியாவுக்கு, கால்தெரீசி மிலானுக்கு. வேண்டாமென்று விடப்பட்டவர்களைத் திரும்ப வாங்கிக்கொள்ளப் பெரிய கிளப்புகளிடம் பணம் இருந்தது; மறுக்கும் வசதி வெரோனாவிடம் இல்லை. 1985-86இல் பத்தாம் இடம். ஐரோப்பியக் கோப்பையில் கிரேக்கத்தின் பாவ்க் அணியைத் தாண்டியபின் எதிரே வந்தது யுவென்டஸ். சொந்த ஊரில் 0-0. 1985 ஐரோப்பியக் கோப்பை இறுதியின்போது பிரஸ்ஸல்ஸின் ஹெய்சல் மைதானத்தில் 39 பேர் இறந்த துயரத்துக்கான தண்டனையால் டூரின் ஆட்டம் பார்வையாளர் இல்லாத காலி மைதானத்தில் நடந்தது, 0-2. நடுவரின் முடிவுகளால் கொதித்துப்போன பான்யோலி, உடைமாற்றும் அறைப் பக்கம் வந்த காவலர்களிடம், திருடர்களைத் தேடுகிறீர்கள் என்றால் அடுத்த அறையில் இருக்கிறார்கள் என்று சொன்னதாகக் கதை உண்டு. அதிகம் பேசாதவர் வாயிலிருந்து வந்ததால்தான் அது இவ்வளவு காலம் நிற்கிறது.

1987இல் மறுபடி நான்காம் இடம் வரை வந்தார்கள். பிறகு கடன் கழுத்தை நெரித்தது. 1990இல் அணி கீழே இறங்கியது, 1991இல் கிளப் திவாலானது.

வெரோனாவில் ஒன்பது ஆண்டுகள் இருந்தபின் பான்யோலி 1990இல் ஜெனோவா அணிக்குப் போனார். முதல் ஆண்டிலேயே அந்த அணியை நான்காம் இடத்துக்குக் கொண்டுவந்தார். 1992 மார்ச்சில் லிவர்பூலின் ஆன்ஃபீல்டில் வென்ற முதல் இத்தாலிய அணி அவருடைய ஜெனோவாதான். 1993இல் இன்டரை இரண்டாம் இடத்துக்கு ஏற்றினார். 1994 தொடக்கத்தில் இன்டர் அவரை நீக்கியது. 58 வயதில் வெரோனாவுக்குத் திரும்பிப் போனவர், அதன்பின் எந்த அணிக்கும் பயிற்சியாளராக வரவில்லை.